அலாரத்தில் செருகிய அட்டை

வேலைக்குச் சேர்ந்த புதிதில், கண்ட்ரோல் ரூமில் ஒரு அலாரத்தின் இடுக்கில் மடித்த அட்டைத்துண்டு செருகியிருந்ததைப் பார்த்தேன். "சும்மா சும்மா கத்துது தம்பி, தலைவலி" என்றார் மூத்த ஆபரேட்டர். சரி என்று நானும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

போபால் விஷவாயு விபத்தைப் பற்றிப் படித்தபோது அந்த அட்டைதான் கண்முன் வந்தது. 1984 டிசம்பர் 2 இரவு, அங்கிருந்த பூச்சிக்கொல்லி ஆலையில் மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீர் பட்டால் அது சூடேறி வாயுவாகப் பொங்கும். எப்படிப் புகுந்தது என்று இன்னும் சண்டை போடுகிறார்கள், அது கிடக்கட்டும். தொட்டியைக் குளிர்விக்கும் இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தார்கள். கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. சுமார் 40 டன் வாயு, காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து தூங்கிக்கொண்டிருந்த குடிசைகளுக்குள் போனது. அரசின் முதல் கணக்கே 2,259 உயிர். பிழைத்த எத்தனையோ பேருக்குக் கண்ணும் நுரையீரலும் பிறகு தேறவே இல்லை.

எனக்கு அடங்காத கோபம் வேறொன்றில். ஓடாதீர்கள், ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்று சுற்றியிருந்தவர்களுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லித்தரவில்லை. ஓட ஓட மூச்சு வாங்கும், வாயு இன்னும் உள்ளே போகும்.

மறுநாள் ஷிஃப்டில் அட்டையைப் பிடுங்கினேன். அப்புறம் பார்த்தால், சென்சாரில் ஒரு வயர்தான் தளர்ந்திருந்தது. பத்து நிமிட வேலை. அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.