ஓட்டமும் கான் வெட்டும்: ஹட்டன் நாட்குறிப்பு

27 ஏப்ரல் 2025, ஞாயிறு

வெசாக் பௌர்ணமி கழிந்தால் எங்கள் இலங்கை மலையகத்தில் தென்மேல் பருவமழை எந்த நாளும் இறங்கிவிடும். அதற்குள் லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஓடுகிற கான்களை (வடிகால்களை) வாரிவிட வேண்டும் என்று எங்கள் ஓட்டக் குழுவில் பேசி முடித்தோம். முறை வழக்கம் போலத்தான். காலை ஆறரைக்கு ஹட்டன் டன்பார் மைதானத்தில் கூடுவது, தேயிலைத் தோட்டத்துக்கு ஓடிப் போவது, ஒரு மணித்தியாலம் வேலை, ஓடியே திரும்புவது. மம்பட்டியும் உரப்பையும் முதல் நாளே ஆட்டோவில் போய்விடும்.

புதிதாக வருகிறவர்கள் கேட்கிறார்கள், இது எங்கே தொடங்கியது என்று. லண்டனில் ஐவோ கோர்ம்லி 2009இல் தொடங்கிய குட்ஜிம் இப்படித்தான் இயங்குகிறது: கூட்டமாக ஓடிப் போய்ப் பொதுத் தோட்டத்தில் மண் அள்ளுவார்கள், தனியாக இருக்கும் முதியவர்களுக்குக் கைவேலை செய்து கொடுப்பார்கள். சுவீடனில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் 2016இல் பரப்பியது வேறு மாதிரி. அங்கே ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குகிறார்கள். நம்முடைய ஏ7 வீதிக்கு அது சரிவராது. வளைவுக்கு வளைவு பஸ்ஸும் லொறியும் முந்திக்கொண்டு வருகிற இடத்தில் ஒருவரையும் குனிய விட முடியாது. அதனால் நாங்கள் ஓட்டத்தையும் வேலையையும் தனித்தனியாக வைத்திருக்கிறோம்.

கூலி வாங்காமல் கூடிச் செய்கிற சிரமதானம் நமக்குப் பழகியதுதான். சர்வோதய இயக்கத்தைத் தொடங்கிய அரியரத்ன 1958இல் மாணவர்களைக் கனத்தொலுவ கிராமத்துக்கு அழைத்துப் போன காலத்திலிருந்து நாடு முழுக்க நடக்கிறது. ஆனால் தோட்டத்தில் அது திருவிழாவுக்கு முன்னாலோ, பெரிய ஆள் யாராவது வரும்போதோதான் நடக்கும். அடுத்த மாதமே கான் பழையபடி அடைத்துவிடும். ஓட்டத்துக்கு வருகிறவன் வாராவாரம் வருகிறான். அந்தப் பழக்கம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

4 மே, ஞாயிறு

இன்று ஐந்தாம் நம்பர் லயம். மம்பட்டியைக் கையில் எடுத்ததும் ஒரு தாத்தா வந்து நின்றார். இருபது வருசத்துக்கு மேல் மலையில் கான் வெட்டினவர். “தம்பி, மேல இருந்து தொடங்காதீங்க. தண்ணி போற வாசலத் தொறந்துவிட்டுத்தான் ஏறணும்” என்றார். அப்படியே கீழ்முனையிலிருந்து ஏறினோம். வாரிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டவும் அவர் விடவில்லை. மழையில் அது கரைந்து கீழ் லயத்துக் கூரையில்தான் போய் விழும். உரப்பையில் கட்டி, படிக்கட்டு சரிந்த இடத்தில் அணைத்து வைக்கச் சொன்னார்.

உள்ளே இருந்தது வெறும் மண் இல்லை. மேலே இலைச் சருகு, அதற்குக் கீழே பிஸ்கட் கவர், ஷம்பு பாக்கெட், பம்பர்ஸ், அப்புறம் கறுத்த சேறு, அதற்குள் பாயாகப் பின்னிக் கிடந்த வேர். மம்பட்டி பட்டதும் அந்த வேர்ப்பாய் முழுசாகப் பெயர்ந்து வந்தது. பின்னால் தேங்கியிருந்த தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கூடவே ஓடினார்கள்.

இது அழகுக்குச் செய்கிற வேலை இல்லை என்பதை எழுதி வைக்க வேண்டும். கான் அடைத்தால் மழைத்தண்ணீர் சரிவுக்குள் ஊறும். மண் கனத்து, பிடிப்பு விட்டுப்போகும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகத்தில் யாரும் மறக்கவில்லை. அத்தனை பெரிய சரிவை ஒரு கான் தடுத்துவிடும் என்று சொல்லவில்லை. அபாயம் என்று சொல்லப்பட்ட இடத்தை விட்டு மக்களைப் பாதுகாப்பான காணியில் குடியேற்றுவதுதான் அதற்கு வழி. அதுவரைக்கும் தண்ணீரைத் தேங்க விடாமல் பார்த்துக்கொள்வது எங்கள் கையில் இருக்கிறது. சுவரில் புது வெடிப்பு, சரிவில் திடீரென்று புது ஊற்று, கலங்கி வரும் தண்ணீர், சாய்கிற மரம்: இவற்றைக் கண்டால் உடனே கிராம சேவகருக்குச் சொல்ல வேண்டும், அந்த இடத்தில் தங்கக் கூடாது என்று லயத்துப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தோம்.

8 மே, வியாழன்

செவ்வாய்க்கிழமை உள்ளூராட்சித் தேர்தல் முடிந்தது. பின்னேரம் சின்ன ஓட்டம், பஸ் தரிப்பிடத்தில் துண்டுப்பிரசுரம் பொறுக்கினோம். எல்லாக் கட்சியும் கலந்து ஒரு உரப்பை.

11 மே, ஞாயிறு

தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்துப் பின்பக்கம். டயர், யோகட் கோப்பை, உடைந்த வாளி. டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வாராவாரம் போகிறவர்களால் அதை முந்திக்கொள்ள முடியும்.

சரி, பொறுக்கியதை எங்கே போடுவது? போத்தலைப் பழைய சாமான் எடுக்கிறவர் கொண்டு போகிறார். மற்றதற்கு ஒரு அலுவலகத்தில் கேட்டோம். “தோட்டம் எங்களுக்குரியதில்லை” என்று பதில் வந்தது. இந்தப் பதிலைக் கேட்டுத்தான் நம் அப்பா அம்மாவின் காலம் போனது. பிரதேச சபை தோட்டத்துக்குள் வேலை செய்ய 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த தடையை 2018இல் திருத்தியாகிவிட்டது. தோட்டத்து மக்களும் அந்தச் சபைக்குத்தான் வாக்குப் போடுகிறார்கள். புதிய சபை கூடியதும் குப்பை ஏற்ற உழவு மெசினுக்கு (டிராக்டருக்கு) எழுத்தில் கேட்கப் போகிறோம். எரிக்க மாட்டோம். லயத்துப் பிள்ளைகள் அந்தப் புகையைச் சுவாசிக்கக் கூடாது.

12 மே, வெசாக்

டவுனில் வெசாக்குக்கு இலவசமாகச் சாப்பாடும் குடிபானமும் கொடுக்கிற தன்சல் பார்க்க ஓடினோம். ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொண்டு போனோம். முடிந்ததும் சிங்களப் பொடியன்களோடு சேர்ந்து கோப்பை அள்ளினோம். அவர்களில் மூன்று பேர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்களாம்.

18 மே, ஞாயிறு

இன்றைக்கு வேலை குறைவு, பேச்சு அதிகம். லயத்தில் கொழுந்தெடுக்கிற அக்கா ஒருவரை நம் தங்கைமார் ஓட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். “ஆறு நாளும் கூடையோட மலை ஏறுறேன், ஞாயித்துக்கிழமையாவது காலுக்கு ஓய்வு வேணாமா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஓட்டம் டவுன் பிள்ளைகளுக்கு, கம்பியூட்டர் முன்னால் இருக்கிறவர்களுக்கு. அந்த அக்காவிடம் அதைத் திணிக்கக் கூடாது.

ஆனால் என்ன வேலை என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். மைதானத்துச் சுவருக்கு வர்ணம் அடிக்கலாமா என்று நாங்கள் கேட்டோம். அவர் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையைக் காட்டினார். பாசி பிடித்த கல், இருட்டில் தண்ணீர் எடுக்கப் போய்ப் பொம்பளைகள் வழுக்கி விழுகிற இடம். ரெண்டு வருசமாக இந்த வழியாக ஓடுகிறேன், அந்தக் கல் என் கண்ணில் பட்டதில்லை. இனிமேல் வேலையை லயத்து மாதர் சங்கம் தீர்மானிக்கட்டும், நாங்கள் கை கொடுக்கிறோம் என்று முடிவு. குழுவின் நல்ல முடிவு என்று எதையாவது சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன்.

25 மே, ஞாயிறு

இரவு முழுக்க மழை. ஓட்டத்தை நிறுத்தவில்லை, பாதையை மட்டும் குறைத்தோம். ஐந்தாம் நம்பர் லயத்தில் தாத்தா குடையோடு கானுக்குப் பக்கத்தில் நின்றார். லயத்து இஸ்தோப்புக்கு (முன்திண்ணைக்கு) தண்ணீர் வரவில்லை. கோடி வீட்டுப் பக்கம் மட்டும் ஒரு இடத்தில் வழிகிறது, அங்கே கான் ஒடுங்கிவிட்டதாம். இஞ்சித் தேத்தண்ணி குடித்துக்கொண்டே அளந்து பார்த்தோம், ஒரு முழம் அகலப்படுத்த வேண்டும்.

ஜூன் 1க்கு அந்த ஒரு முழமும் பீலிக்கரையும்தான் வேலை. கல் தேய்க்கக் கம்பி பிரஷ் வேண்டும், ரெண்டு மம்பட்டிக்குப் பிடி போட வேண்டும். வைத்திருக்கிறவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள், ஆட்டோ வந்து எடுத்துக்கொள்ளும்.