மணலோடு மல்லுக்கட்டிப் பேராசிரியரான கதை

நிலம் அதிரும்போது மண் என்ன செய்யும் என்பதுதான் நான் ஆய்வு செய்யும் துறை. இந்த வேலைக்கு வருவது எப்படி என்று கேட்கும் மாணவர்கள், எத்தனை கட்டுரை வேண்டும் என்றுதான் விசாரிப்பார்கள். நான் முதலில் சொல்வது, மணல் மாதிரியில் நீர் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று காட்டும் பி மதிப்பைப் பற்றி.

முனைவர் பட்டத்துக்கு எடுத்த தலைப்பு, மணல் திரவமாதல். 1964 நிலநடுக்கத்தில் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமலே சாய்ந்தன. ஒன்று ஏறக்குறைய மல்லாந்தே விட்டது. அடியிலிருந்த ஈர மணல் செய்த வேலை அது. குலுங்கும்போது மணல் நெருங்கப் பார்க்கும், நீர் வெளியேற நேரம் இருக்காது, நீரழுத்தம் ஏறி துகள்களின் பிடி விட்டுவிடும். படிக்க எளிதுதான்.

ஆய்வகத்தில் அதை வரவழைப்பதுதான் பாடு. ரப்பர் உறைக்குள் மணலைத் தூவி, கார்பன் டை ஆக்ஸைடை மெதுவாகச் செலுத்திக் காற்றை விரட்ட வேண்டும். அது காற்றைவிட நீரில் நன்றாகக் கரையும். பிறகு காற்று நீக்கிய நீர், அப்புறம் மிச்சக் குமிழிகளும் கரைய உள்ளிருக்கும் நீருக்குத் தரும் அழுத்தம், அதாவது பேக் பிரஷர். வெளியழுத்தத்தைக் கூட்டினால் உள்ளே நீரழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்ற விகிதம்தான் மண் பொறியியலாளர் ஸ்கெம்ப்டனின் பி மதிப்பு. 0.95-ஐத் தொட்டால்தான் சோதனையைத் தொடங்கலாம். 0.91-இல் வந்து அசையாமல் நிற்கும் பாருங்கள், அந்த எரிச்சல் தனி. சில நிமிடச் சோதனைக்கு நாள் முழுக்க முன்வேலை.

முனைவர் பட்டத்துக்குப் பின், மண் மாதிரியை வேகமாகச் சுழற்றி ஈர்ப்பைக் கூட்டிக் காட்டும் சென்ட்ரிஃபியூஜ் கருவியைக் கற்றேன். 50 மடங்கு ஈர்ப்பில் சுழற்றினால் 20 சென்டிமீட்டர் மணல் 10 மீட்டர் படுகையாக நடந்துகொள்ளும். சிக்கல் என்னவென்றால், குலுக்கத்தின் காலம் 50 மடங்கு சுருங்கும், நீர் வடியும் காலமோ 2,500 மடங்கு. அதனால் வடிதலை மெதுவாக்கி இரண்டையும் ஒத்துப்போக வைக்க, நீருக்குப் பதில் 50 மடங்கு பிசுக்குள்ள திரவத்தை ஊற்றுவோம்.

வேலைக்கான நேர்காணலில் இதையெல்லாம் விரிவாகத் தயாரித்துப் போனேன். “கருவி வாங்க நிதி வரும்வரை என்ன செய்வீர்கள்?” என்றுதான் கேட்டார்கள். மண் பொறியியலாளர்கள் சீடும் இத்ரிஸும் 1971-இல் தந்த எளிய முறையின் வழியில், நிலத்தைத் துளையிட்டு மண்ணைச் சோதித்த பழைய ஆழ்துளைப் பதிவுகளை வைத்தே ஒரு பகுதியின் திரவமாதல் ஆபத்தைக் கணக்கிடலாம் என்றேன். வேலை கிடைத்தது அந்தப் பதிலால்தான் என்பது என் கணிப்பு.

சேர்ந்த பிறகு உண்மையிலேயே அதைத்தான் செய்தேன். பாடம், விடைத்தாள், நிதி விண்ணப்பம் என்று ஓடியதில் ஆய்வகம் கடைசியாகத்தான் எழுந்தது. முதல் சில கட்டுரைகளும் பதவி உயர்வும் அந்தப் பழைய பதிவுகள் தந்தவை. இப்போது புதிதாகச் சேரும் ஆய்வு மாணவரிடம் தலைப்பு பேசுவதற்கு முன், 0.95 காட்டும் ஒரு மாதிரியைக் கேட்கிறேன்.