நாற்பது வயதில் ஒரு ஃப்ரீ கிக்

இன்று காலை ஒரு பழைய காணொளியில், கால்பந்து வீரர் கிரஹாம் அலெக்சாண்டர் ஃப்ரீ கிக் (எதிரணியின் விதிமீறலுக்காகக் கிடைக்கும் உதை) எடுக்க நிற்பதைப் பார்த்தேன். அப்போது அவருக்கு வயது 40.

2012 ஏப்ரல் 28, அவர் ஆடிய பிரெஸ்டன் அணியின் டீப்டேல் மைதானம். இங்கிலாந்தின் மூன்றாம் அடுக்கு லீக் ஆட்டம் முடியும் தறுவாயில், சார்ல்டனிடம் 1-2 எனப் பின்தங்கியிருந்த அணியை அவர் உதைத்த பந்து சமநிலைக்குக் கொண்டுவருகிறது.

ஸ்கந்தோர்ப், லூட்டன், பிரெஸ்டன் எனக் கீழ்ப் பிரிவுகளில் வலப்புறத் தடுப்பாட்டக்காரராக ஆண்டுக்கணக்கில் உழைத்த இவர், இங்கிலாந்தின் முதல் அடுக்கான பிரீமியர் லீக்கில் முதன்முதலாகக் கால் வைத்தது 2009இல், பர்ன்லி அணிக்காக, தம் 37ஆவது வயதில்தான்.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள்!

தடுப்பாட்டக்காரர் சறுக்கும் நாளில்தான் அவர் பெயர் பேசப்படுகிறது. சறுக்காமல் ஆடிய நூற்றுக்கணக்கான சனிக்கிழமைகளை யாரும் எண்ணிவைப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

அந்தப் பந்து வலையைத் தொடும் நொடியை மறுபடியும் ஓடவிட்டுப் பார்த்தேன்.