பாப்பா தலை ஒரே பக்கம் சாயுதா? உரம் எடுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பச்சப்புள்ள கழுத்தை ஒரு பக்கமாவே சாய்ச்சு வெச்சிருந்தா நம்ம ஊர்ல எல்லாரும் முதல்ல சொல்றது "உரம் விழுந்திருக்கு"ன்னுதான். எங்க வீட்லயும் அதேதான் நடந்துச்சு. பாப்பாவுக்கு ரெண்டு மாசம் ஆகப்போற சமயம், தலை வலது தோள் பக்கமா சாயும், முகவாய் மட்டும் இடது பக்கம் திரும்பியிருக்கும், படுக்க வெச்சாலும் தூக்கி வெச்சாலும் அப்படியேதான் இருப்பா, போன்ல போட்டோவை வரிசையா தள்ளிப் பார்த்தா எல்லாத்துலயும் அதே சாய்வு. அம்மாச்சி பார்த்துட்டு "உரம்டி இது, சேலையில போட்டு உருட்டி எடுத்தா சரியாப் போயிரும்"னாங்க.

நான் உருட்ட விடல. அம்மாச்சிக்கு கொஞ்சம் வருத்தம்தான், ஆனா கழுத்தே நிக்காத குழந்தையை சேலையில போட்டு ரெண்டு பேர் பிடிச்சு இப்படியும் அப்படியும் உருட்டுறதை என்னால ஏத்துக்க முடியல. அந்த சாய்வு எதனாலன்னு தெரியாம யாரும் கழுத்துல கை வைக்கவே கூடாது, ஏன்னா சில குழந்தைங்களுக்கு கழுத்து எலும்பு அமைப்புலயே பிரச்சனை இருக்கும், சிலருக்கு கண்ணுல கோளாறு இருந்து அதுக்காக தலையை சாய்ப்பாங்க, சிலருக்கு பால் எதுக்களிக்கிறதால கூட கழுத்து முறுக்கிக்கும்.

எங்க டாக்டர் தொட்டுப் பார்த்ததும் வலது பக்க கழுத்துல சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டுச்சு. எனக்கு கை காலெல்லாம் நடுங்கிருச்சு. ஸ்கேன் பார்த்துட்டுதான் சொன்னாங்க, இது புற்று மாதிரி எதுவும் இல்ல, கழுத்து தசையே இறுகி தடிச்சு கட்டி மாதிரி இருக்கு, பிறந்து ரெண்டு மூணு வாரத்துல தெரிய ஆரம்பிக்கும், சில மாசத்துல தானா கரைஞ்சிரும்னு. காதுக்குப் பின்னாடி எலும்புல இருந்து நெஞ்செலும்பு, காறை எலும்பு வரைக்கும் வர்ற தசை அது. ஒரு பக்கம் அது இறுகிட்டா தலை அந்தப் பக்கம் சாயும், முகம் எதிர்ப்பக்கம் திரும்பும். டார்டிகோலிஸ்னு சொல்றாங்க. எல்லாருக்கும் கட்டி இருக்கணும்னு இல்ல, வெறும் இறுக்கம் மட்டும் கூட இருக்கலாம்.

வயித்துக்குள்ள இடம் நெருக்கமா இருந்தா, தலை மேல கால் கீழன்னு இருந்தா, இரட்டைக் குழந்தைன்னா, ஆயுதம் போட்டோ வேக்குவம் வெச்சோ எடுத்தா இது வர வாய்ப்பு அதிகமாம். நீ தூக்கின விதம் சரியில்லன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு மனசுல போட்டுக்காதீங்க. இன்னொன்னு, இந்த குழந்தைங்கள்ல சிலருக்கு இடுப்பு மூட்டும் சரியா உக்காராம இருக்கும், அதனால இடுப்பையும் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்க.

அப்புறம் பிசியோதெரபிஸ்ட். அவங்க செஞ்சு காட்டி, என் கையால செய்ய வெச்சுப் பார்த்துட்டுதான் வீட்டுக்கு அனுப்பினாங்க. மல்லாக்க படுக்க வெச்சு, ஒரு கையால வலது தோளை மெதுவா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால தலையைத் தாங்கி இடது காது இடது தோளை நோக்கிப் போற மாதிரி சாய்க்கணும், கொஞ்ச நேரம் அப்படியே பிடிக்கணும். இன்னொன்னு முகத்தை மெதுவா வலது பக்கம் திருப்புறது. (எங்க பாப்பாவுக்கு இறுக்கம் வலது பக்கம், உங்க குழந்தைக்கு இடதுன்னா எல்லாமே மாறும், அதனால இதைப் படிச்சுட்டு நீங்களா ஆரம்பிக்காதீங்க.) அவ முரண்டு பிடிச்சா விட்டுரணும், எதிர்த்து இழுக்கக் கூடாது. டயப்பர் மாத்தும்போது செய்யுறது எங்களுக்கு ஒத்து வந்துச்சு, பால் குடிச்ச உடனே செஞ்சா கக்கிருவா.

நிஜமா பெரிய வேலை நடக்குறது மிச்ச நேரத்துலதான்னு எனக்குத் தோணுது. தூக்குறப்போ வலது பக்கம் கீழ இருக்குற மாதிரி ஒருக்களிச்சு, என் முன்கை அவ வலது காதுக்கும் தோளுக்கும் நடுவுல வர்ற மாதிரி பிடிச்சுக்கிட்டு வீடு முழுக்க நடப்பேன், அவளுக்கு அது எக்ஸர்சைஸ்னே தெரியாது, வேடிக்கை பார்த்துட்டு வருவா. வாசல், ஜன்னல், ஆளுங்க எல்லாம் அவ வலது பக்கம் இருக்குற மாதிரி படுக்க வைப்போம். அம்மாச்சியை அந்தப் பக்கம் உக்கார வெச்சேன், அவங்க கண்ணாடி வளையலைக் குலுக்கி "இங்க பாருடி தங்கம்"னா போதும், பொம்மைக்கெல்லாம் திரும்பாதவ மெல்ல மெல்ல திரும்புவா. உரம் எடுக்கலன்னு வருத்தப்பட்ட அம்மாச்சிதான் கடைசியில எல்லாரையும் விட அதிகமா இதைச் செஞ்சாங்க.

முழிச்சிருக்கும்போது குப்புறப் போடுறது ரொம்ப முக்கியம். தரையில போட்டா அழுதா, அவங்க அப்பா நெஞ்சு மேல போட்டா தலையைத் தூக்கி அவர் மூஞ்சியைப் பார்ப்பா. தூங்க வைக்கிறது மட்டும் எப்பவும் மல்லாக்கதான். தலை உருண்டையா வரணும்னு கடுகுத் தலையணை கொண்டு வந்து கொடுத்தாங்க, அதை வைக்கல, ஒரு வயசு வரைக்கும் குழந்தை தூங்குற இடத்துல தலையணையே வேண்டாம், மூச்சு முட்டுற ஆபத்து இருக்கு. ஒரே பக்கம் படுத்து பின்னந்தலை ஒரு பக்கம் தட்டையா ஆகுறதும் இந்த பிரச்சனையோட சேர்ந்து வர்றதுதான், கழுத்து நல்லா திரும்ப ஆரம்பிச்சு குப்புற இருக்குற நேரமும் கூடினா அதுவும் பெரும்பாலும் குறையும். தூளியில நாள் முழுக்க போடாம குறைச்சுக்கிட்டோம், அதுக்குள்ள கழுத்து எப்படி மடங்கியிருக்குன்னே தெரியாது.

யாரும் சொல்லாத ஒரு விஷயம், இறுகின பக்கத்து கழுத்து மடிப்பு. அங்க பால் வழிஞ்சு தங்கி, புளிச்ச வாடை வந்து, தோல் செவந்து ஈரமா இருக்கும். தினமும் மெதுவா விரிச்சு, தண்ணி தொட்ட பஞ்சால துடைச்சு, ஒத்தி ஒத்தி காய விடணும், பவுடர் கொட்டாதீங்க. அந்த இடம் புண்ணா இருந்தா குழந்தை கழுத்தைத் தொடவே விடாது, அப்புறம் எங்க எக்ஸர்சைஸ் பண்றது.

மூணு மாசத்துக்குள்ள ஆரம்பிச்சா பெரும்பாலான குழந்தைங்களுக்கு எக்ஸர்சைஸ்லயே சரியாகிருது, ஆறு மாசத்துக்கு மேல போச்சுன்னா இழுக்கும். ஆபரேஷன் ரொம்ப கொஞ்ச பேருக்குத்தான், அதுவும் பொதுவா ஒரு வயசுக்கு மேலயும் சரியாகலன்னா. காசு பிரச்சனைன்னா அரசு மருத்துவமனைல டிஇஐசின்னு குழந்தைங்களுக்கான சென்டர் இருக்கு, 2013-ல ஆரம்பிச்ச ஆர்பிஎஸ்கேன்னு குழந்தைங்க உடல்நலத்துக்கான மத்திய அரசு திட்டத்துல வர்றது, பிசியோதெரபி இலவசமா கிடைக்கும், பெரிய ஆஸ்பத்திரியில கேட்டா எங்கன்னு சொல்லுவாங்க.

நல்லா இருந்த குழந்தைக்கு திடீர்னு கழுத்து கோணிக்கிச்சு, கூடவே காய்ச்சல், வாந்தி, சோர்வு இருக்குன்னா அது வேற கதை, அன்னைக்கே ஆஸ்பத்திரி போயிருங்க. எங்க பாப்பா இப்ப ரெண்டு பக்கமும் நல்லா திரும்புறா. சளி பிடிச்சா, ரொம்ப அசந்து போனா லேசா அந்த பழைய சாய்வு வரும், அப்படி வரலாம்னு பிசியோ முன்னாடியே சொல்லியிருந்தாங்க, நடக்க ஆரம்பிச்சதும் இன்னொரு தடவை கூட்டிட்டு வந்து காட்டச் சொல்லியிருக்காங்க.