கதிர்வீச்சுக்குப் பின் ஆக்சிஜன் அறை: புற்றுநோய் திரும்புமோ என்ற அச்சத்தைத் தீர்த்துக்கொண்ட விதம்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தும் பெற்றுக் குணமாகிச் சில ஆண்டுகள் கழித்து, எனக்குச் சிறுநீரில் இரத்தம் வரத் தொடங்கியது. கதிர்வீச்சு சிறுநீர்ப்பையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை மெல்ல மெல்ல அழிப்பதால் இப்படி நேரலாம் என்றும், அழுத்தம் கூட்டிய அறைக்குள் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கும் உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சை அங்கே புதுக் குழாய்கள் உருவாக உதவும் என்றும் மருத்துவர் விளக்கினார். "எங்காவது ஒளிந்திருக்கும் கட்டிக்குத் தீனி போட்டதுபோல் ஆகிவிடாதா, அக்கா?" என்று என் தங்கை கேட்டாள். எனக்கும் அதே அச்சம்தான்.

மருத்துவர் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. வருகிற இரத்தமே திரும்பி வந்த புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம் என்பதால், முதலில் அதை விலக்கியாக வேண்டும் என்றார். சிறுநீர்ப்பைக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தார்கள். இடுப்புப் பகுதிக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். கதிர்வீச்சு பட்ட சுவரில் புண் எளிதில் ஆறாது என்பதால், ஐயத்துக்குரிய இடத்தில் மட்டும் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். முடிவுக்காகக் காத்திருந்த நாட்களே மிகக் கடினமானவை. இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக அறைக்குள் அனுப்பும் இடத்தை நான் நம்பமாட்டேன்.

ஆக்சிஜன் குறைந்த கட்டிகளே மூர்க்கமாக வளர்கின்றன, கதிர்வீச்சுக்கும் எளிதில் மசிவதில்லை. அதனால்தான் 1955-லேயே லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் சர்ச்சில்-டேவிட்சன் குழுவினர் நோயாளிகளுக்கு உயரழுத்த ஆக்சிஜனோடு சேர்த்துக் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள் என்று அறிந்தபோது என் அச்சம் பாதி தணிந்தது. 2003-லும் 2012-லும் வெளியான மறுஆய்வுகள், இச்சிகிச்சை புற்றுநோயைத் தூண்டுவதாகச் சான்று இல்லை என்றே முடித்தன. ஆயினும் அவற்றின் அடிப்படையில் விலங்கு ஆய்வுகளுக்கும் பழைய நோயாளர் பதிவுகளுக்கும் பெரும்பங்கு உண்டு என்பதால், "ஆபத்தே இல்லை" என்று மருத்துவர் சொல்லவில்லை. "கூடுவதாகத் தெரியவில்லை" என்றார். அந்த நேர்மைதான் என்னைச் சம்மதிக்க வைத்தது. கதிர்வீச்சால் புண்பட்ட சிறுநீர்ப்பைக்கு 30 முதல் 40 அமர்வுகள் கொடுத்துப் பார்த்த நோர்டிக் நாடுகளின் ஆய்வு ஒன்றும் 2019-இல் நல்ல பலனைக் காட்டியிருந்தது.

நுரையீரலைப் பாதிக்கக்கூடிய ப்ளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்தை முன்பு ஏற்றினார்களா என்று கேட்டு, நுரையீரலையும் காதையும் சோதித்த பிறகே தொடங்கினார்கள். தீப்பிடிக்கும் ஆபத்தால் பருத்தி உடை மட்டுமே. தலைக்கு எண்ணெய் கூடாது, கைபேசியும் கூடாது. அழுத்தம் ஏறும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் விடும். இடையிடையே சாதாரணக் காற்றைச் சுவாசிக்க வைப்பார்கள். தூரப்பார்வை சற்று மங்கிப் பிறகு தெளிந்தது.

இரத்தம் படிப்படியாகக் குறைந்து நின்றது. புற்றுநோய் மருத்துவரிடம் செல்லும் தொடர் பரிசோதனைகளை மட்டும் நான் நிறுத்தவில்லை. மீண்டும் ஒரு துளி தெரிந்தாலும் சிறுநீர்ப்பையை முதலிலிருந்து சோதிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.