கட்டடத்துக்குக் கிடைக்கும் பணம் வடிகட்டிக்குக் கிடைப்பதில்லை

அரசு மருத்துவமனைகளை மேம்படுத்த நிதி ஒதுக்கப்பட்டதாகச் செய்தி வரும்போதெல்லாம், அதில் மூலதனச் செலவு எவ்வளவு, ஆண்டுதோறும் தொடரும் செலவுக்கு எவ்வளவு என்றுதான் முதலில் தேடுவேன். பெரும்பாலும் முன்னது மட்டுமே இருக்கும். கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டலாம், ஸ்கேன் கருவிக்கு ரிப்பன் வெட்டலாம். பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கு யாரும் விழா எடுப்பதில்லை.

கோவிட் காலத்தில் பல நாடுகளின் மருத்துவமனைகளில் அவசரமாக நிறுவப்பட்ட ஆக்சிஜன் உற்பத்தி நிலையங்களையே பாருங்கள். காற்றை அழுத்தி, சியோலைட் என்ற நுண்துளைக் கனிமம் நிரம்பிய தொட்டிகளுக்குள் செலுத்தினால், நைட்ரஜனை அது பிடித்துக்கொள்ள, ஏறத்தாழ 93 விழுக்காடு தூய்மையுள்ள ஆக்சிஜன் வெளிவரும். ஆனால் உள்ளே போகும் காற்றில் ஈரமோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கக் கூடாது. வடிகட்டிகளைக் காலம் தவறாமல் மாற்றாவிட்டால் சியோலைட் கெட்டு, ஆக்சிஜனின் தூய்மை இறங்கிவிடும். நிலையத்தின் விலையோடு ஒப்பிட்டால் வடிகட்டியின் விலை அற்பம்; ஆயினும் அது வேறு கணக்குத் தலைப்பில் வர வேண்டிய பணம் என்பதால், அந்தத் தலைப்பில் இருப்பு இல்லையென்றால் நிலையமே நின்றுபோய், சிலிண்டர்களை வெளியிலிருந்து வாங்கும் நிலை வந்துவிடுகிறது.

எம்.ஆர்.ஐ. கருவியும் அப்படித்தான். மின்தடையே இல்லாமல் இயங்கும் அதன் மீக்கடத்துக் காந்தத்தைத் திரவ ஹீலியத்தால் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்க வேண்டியிருப்பதால், ஒரு நோயாளிகூட வராத இரவிலும் குளிர்விப்பான் மின்சாரம் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். தீவிர சிகிச்சைப் படுக்கைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: மூன்று ஷிப்டுக்கும் செவிலியர் பணியிடங்களை அனுமதிக்காமல் படுக்கைகளை மட்டும் கூட்டினால், கூடுவது கட்டில்களின் எண்ணிக்கைதான்.

இங்கிலாந்தில் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அங்கே அன்றாடச் செலவைச் சமாளிக்க மூலதன நிதியில் கைவைத்தார்கள். 2010களில் மட்டும் ஏறத்தாழ 3,700 கோடி பவுண்டு மூலதன முதலீடு குறைந்துபோனதாக, அந்நாட்டின் அரசு மருத்துவச் சேவையை ஆராய்ந்து 2024 செப்டம்பரில் வெளியான டார்சி பிரபுவின் அறிக்கை கணக்கிட்டது. கிங்ஸ் லின் நகரின் குவீன் எலிசபெத் மருத்துவமனையில், ஆயுள் முடிந்த இலகு காங்கிரீட் கூரையை ஆயிரக்கணக்கான முட்டுகள் தாங்கி நிற்க, அவற்றுக்கு இடையில்தான் சிகிச்சை நடந்தது. ஆக, இரண்டு நிதியில் எதைக் குறைத்தாலும் பாதிப்பு வார்டுக்குத்தான் வந்து சேர்கிறது.

கருவி வாங்கும் டெண்டரிலேயே, உத்தரவாதக் காலத்துக்குப் பிந்தைய பராமரிப்புக் கட்டணத்தையும் விலையோடு சேர்த்து ஒப்பிடுவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. கருவியை மலிவாக விற்றுவிட்டு உதிரிபாகத்தில் வசூலிக்கும் நிறுவனம் அதில் எளிதாக மாட்டிக்கொள்ளும். ஆனால் அந்தக் கட்டணத்துக்கான தொகையை அடுத்தடுத்த ஆண்டுகளின் பட்ஜெட்டில் ஒதுக்குவதாக, அனுமதி ஆணையிலேயே நிதித்துறை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.