ஜேபி பழகுகிறேன்: ஐந்தாவது மாதம்

போன சனிக்கிழமை, ஜேபி என்ற ரோலர் ஸ்கேட் ஆட்டத்தில் வரும் 'கிரேஸி லெக்ஸ்' என்ற கால் அசைவை எட்டு எண்ணிக்கையும் நடுவில் நிற்காமல் போட்டுவிட்டேன். இந்த ஐந்து மாதத்தில் எனக்கு இதுதான் பெரிய நாள்.

ஜேபி என்றால் ஜேம்ஸ் பிரவுன், அமெரிக்க ஃபங்க் இசைப் பாடகர். அவருடைய பாட்டுக்கு ரோலர் ஸ்கேட்டில் ஆடியாடி சிகாகோவின் கறுப்பின மக்கள் உருவாக்கிய பாணி இது. நான் பழகுவது தெற்கு சிகாகோவில், 87ஆம் தெருவில் இருக்கும் 'தி ரிங்க்' என்ற ஸ்கேட்டிங் தளத்தில். 1975இல் திறந்த இடம்.

முதல் இரண்டு மாதம் சக்கரத்தோடு மல்லுக்கட்டியே போனது. தெருவில் ஓட்ட வாங்கிய 78ஏ சக்கரம் மிருதுவானது (எண் கூடினால் சக்கரம் கடினம்); ரிங்க் தளத்தில் ஒட்டிக்கொண்டு காலை வழுக்கவே விடாது. 97ஏ மாற்றியதும் கால் தானாக நழுவியது. அடுத்த இடைஞ்சல் டோ ஸ்டாப், அதாவது ஸ்கேட்டின் முன்நுனியில் இருக்கும் ரப்பர் பிரேக். காலைப் பின்னால் கடத்தும்போது தரையில் உரசி இரண்டு தடவை கீழே தள்ளியது. கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஜாம் பிளக் என்ற சின்ன அடைப்பானை மாட்டினேன். இப்போது நிற்க வேண்டுமென்றால் பின்காலைக் குறுக்கே வைத்து இழுக்க வேண்டும். அது கைவரவே மூன்று வாரம்.

கால் பழகிய பிறகும் தாளம் பிடிபடவில்லை. பாடகரின் குரலை நான் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன். எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர் ஓரமாக அழைத்து, "பாட்டை விடு, ட்ரம்மைக் கேள்" என்றார். வீட்டுக்கு வந்து 1970இல் வந்த ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி ட்ரம்மர்' பாடலை ஒரு வாரம் கேட்டேன், வெறும் காலால் எண்ணிக்கொண்டே. அதில் ட்ரம்ஸ் வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். அந்தச் சில நொடி வாசிப்பை வெட்டியெடுத்து எத்தனையோ ஹிப்-ஹாப் பாடல்களை அமைத்திருக்கிறார்கள். பாட்டின் உரிமையில் அவர் பெயர் இல்லாததால் அந்தப் பணம் அவருக்குப் போகவில்லை. கேட்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது. ஸ்கேட்டிங் ரிங்க்குகளுக்கும் ஹிப்-ஹாப்புக்கும் உறவு அதோடு நிற்கவில்லை: 1980களில் என்.டபிள்யூ.ஏ. என்ற ஹிப்-ஹாப் குழு மேடையேறிய இடங்களில் ஒன்று கலிஃபோர்னியாவின் காம்ப்டனில் இருந்த ஸ்கேட்லேண்ட் ரிங்க்.

பெரியவர் வெளியூர்க்காரர்களைக் காலை வைத்தே கண்டுபிடிப்பார். பால்டிமோர் என்றால் ஸ்னாப்பிங் என்ற பாணி, ஃபிலடெல்ஃபியா என்றால் பின்பக்கமாகவே வேகமாகப் போவது, நியூயார்க் என்றால் ஒருவர் பின் ஒருவர் கோத்துப் போகும் ரயில். வியாசர்பாடியில் "எந்த ஏரியா?" என்ற கேள்வியோடு வளர்ந்தவள் நான். அந்தக் கேள்விக்குக் காலாலேயே பதில் சொல்கிறார்களே என்று மலைத்துப்போனேன்.

இந்தப் பெருமை சும்மா வந்ததில்லை. இதே தெற்குப் பகுதியில், 63ஆம் தெருப் பக்கம் 'வொயிட் சிட்டி' ரிங்க் இருந்தது. கறுப்பினத்தவர் வந்தால் "இது தனியார் கிளப்" என்று திருப்பி அனுப்பினார்கள். இனச் சமத்துவத்துக்காகப் போராடிய கோர் இயக்கத்தினர் 1946இல் வாசலில் மறியல் செய்துதான் கதவு திறந்தது. 1963இல் லெட்ஜர் ஸ்மித் என்ற ஸ்கேட்டர் சிகாகோவிலிருந்து கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணிக்குப் பத்து நாள் ஸ்கேட்டிலேயே போனார். இதையெல்லாம் அறிந்த பிறகு, காலணிக் கயிற்றைக் கட்டும்போது ஒரு நிமிடம் கூடுதலாக உட்கார்கிறேன்.

கிரேஸி லெக்ஸில் இன்னும் ஒரு குறை. ரிங்க்கில் எல்லாரும் இடஞ்சுழியாகவே சுற்றுவதால் வலது கால் முன்னால் கடப்பது சுலபமாகிவிட்டது; இடது கால் ஐந்தாவது எண்ணிக்கையில் தாமதிக்கிறது. இந்த வாரம் முழுக்க வீட்டு நிலவறையில் வலஞ்சுழியாக மட்டும், தினமும் இருபது நிமிடம்.